மழை பொய்த்தால் மலை

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை அடியோடு கைவிட்டது. அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய இயல்பாகச் சுமார் 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டிய மழை 17 சென்டிமீட்டரைக்கூட எட்டாமல் நின்றுவிட, 2017 ஜனவரி 10ஆம் தேதி மாநில சர்க்கார் எல்லா மாவட்டங்களையும் வறட்சிக்கு உள்ளானவை என்று பிரகடனம் செய்தது. அதன்பின் ஒரு வாரம் கழிவதற்குள் மதுரைக்கு வடக்கே அலங்காநல்லூரில் ஜனங்கள் ஜல்லிக்கட்டுக்காக வாடிவாசலுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சென்னை மெரினாவில் லட்சக்கணக்கில் இளைஞர்கள் கூடினார்கள். காளையின் கௌரவத்தைப் பற்றியும் தமிழரின் மரபைப் பற்றியும் உலகமே பேசிற்று. ஆனால் கண்மாய்கள் எல்லாம் வெடித்துக் கிடந்த அந்தத் தை மாதத்தில், வாடிவாசலுக்குக் காளைகளை ஈன்று கொடுக்கும் பசுக்கள் எங்கே நின்றன, எதைத் தின்று உயிர் பிழைத்தன என்று கேட்டவர்கள் மிகச் சிலர். மேய இடம் கிடைத்தவை மலையடிவாரத்தில் நின்றன. கிடைக்காதவை சந்தையில் நின்றன என்பதே அக்கேள்விக்கு உண்மையான விடை. சந்தையில் நின்றவை அடிமாட்டு விலைக்குப் போயின.

மதுரை, சிவகங்கை, விருதுநகர், தேனி ஆகிய மாவட்டங்களின் சமவெளியில் புலிக்குளம் மாடு என்று ஓர் இனம் உண்டு. சிவகங்கைச் சீமையில் மானாமதுரைப் பக்கத்திலுள்ள புலிக்குளம் என்ற ஊரால் பெயர் பெற்றது. ஜனங்கள் வழக்கில் கிடைமாடு என்பார்கள். உருவத்தில் சிறியது, பால் சொற்பம், கோபம் அதிகம், நடைக்கு அஞ்சாதது. மதுரையிலுள்ள ‘சேவா’ என்ற தொண்டு நிறுவனம் இம்மாட்டையும் இதை வளர்ப்போரின் வாழ்க்கையையும் பல்லாண்டுகள் ஆராய்ந்து ஆவணப்படுத்தியது. ஹரியானாவின் கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகமும் இதைத் தனி இனமாகப் பதிவு செய்துகொண்டது. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் பொங்கலை ஒட்டித் துள்ளிப் பாய்கிற காளைகளுள் மிகப் பல இந்தக் கிடைகளில் பிறந்த கன்றுகளே. கொட்டிலில் கட்டிப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் ஊட்டி வளர்க்கப்படும் காளையைத்தான் நாம் பார்க்கிறோம். அதன் தாயோ கொட்டில் என்பதையே அறியாமல், வருஷம் முழுவதும் வெட்டவெளியில் படுத்து, நடந்த நடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும் ஜீவன்.

இந்த மாட்டுக்கும் இதை வளர்ப்பவருக்கும் உள்ள விசித்திரமான சங்கடம் ஒன்றை வெளியூர்க்காரர்கள் எளிதில் உணர்வதில்லை. மழை பெய்யாவிட்டால் சமவெளியில் புல் இல்லை. மழை பெய்துவிட்டாலோ சமவெளியில் இடம் இல்லை! புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்து, பெரியாறு வாய்க்காலிலும் கண்மாய்களிலும் தண்ணீர் வந்து, குடியானவர்கள் நாற்று நட்டுவிட்டால், வரப்பில்கூட மாட்டை விட முடியாது, விட்டால் பஞ்சாயத்துத்தான். ஆகவே நல்ல வருஷத்தில் பயிர் மாடுகளை மலைக்குத் துரத்துகிறது. கெட்ட வருஷத்தில் பசி துரத்துகிறது. தை, மாசியில் அறுவடை முடிந்து, தாள் காய்ந்து கிடக்கும் வயல்களில் எருவுக்காகக் கிடை போடக் குடியானவர்கள் வலிய வந்து அழைக்கும் மாதங்கள் மட்டுமே சமவெளிக்கு உரியவை. அறுப்பு முடிந்த ஊர் விட்டு ஊர் மாறிக் கோடை முழுவதையும் இவ்விதம் கழித்துவிட்டு, மறுபடி நாற்றுப் பாவும் காலம் வந்ததும் சிறுமலையின் அடிவாரத்துக்கும், அழகர்மலைச் சரிவுகளுக்கும், மேற்கே சாப்டூர், வருசநாடு, போடி மலைகளுக்கும் ‘பத்திக்கிட்டு’ப் போவது தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஏற்பாடு.

மலை ஏன் கைகொடுக்கிறது என்பதற்குக் காரணம் வானத்திலேயே இருக்கிறது. மதுரைச் சமவெளி தன் மழையில் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து எதிர்பார்ப்பது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று இங்கே புழுதியைத்தான் கிளப்பும், தூறலைக் கொணராது. ஆனால் அதே காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டைத் தாண்டும்போது கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டிலும் மேகமலையிலும் போடி மலையின் உச்சிகளிலும் சாரலாக விழுந்துவிடுகிறது. ஆகையால் ஒரு பருவம் பொய்த்தாலும் இன்னொரு பருவத்தின் ஈரம் மலையில் மிஞ்சி நிற்கும்; கீழே அறுகு கருகிய பிறகும் மேலே பள்ளங்களிலும் ஓடைக் கரைகளிலும் புல் பச்சை பிடித்திருக்கும்; புல் தீர்ந்தாலும் உசிலைத் தழையும் வெள்வேல நெற்றும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அகப்படும். குதிரின் அடியில் தொடாமல் வைத்திருக்கும் விதைநெல்லைப் போல, மலைப்புல் சமவெளிக்காரனின் கடைசிக் கையிருப்பாக இருந்தது. அதை யாரும் தனக்கென்று வேலி போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் அந்தக் கையிருப்பு அத்தனை காலம் நீடித்ததன் ரகசியம் என்பது என் அபிப்பிராயம்.

கிடை ஒன்று மலையடிவாரத்தில் தங்கியிருக்கும் அந்திப் பொழுதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பொழுது சாயும் வேளையில் முன்னோடிப் பசுவின் கழுத்து மரமணி ‘டொக் டொக்’கென்று கேட்கும், அதன் பின்னால் மயிலையும் செவலையும் காரியுமாக மந்தை இறங்கி வரும். மேய்ப்பவர் எண்ணுவதில்லை, பார்ப்பதோடு சரி; நூற்றுக்கு மேற்பட்ட மாடுகளில் ஒன்று குறைந்தாலும் எந்தப் பசு வரவில்லை என்பது அவருக்கு அக்கணமே தெரிந்துவிடும். வராதது சினைப்பசுவாக இருந்தால் எங்கோ புதருக்குள் கன்று ஈன்று காவல் நிற்கிறது என்று ஊகித்து, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, நாயுடன் மறுபடி மலையேற வேண்டியதுதான். விடியும்வரை காத்திருந்தால் சிறுத்தை முந்திக்கொள்ளும், அல்லது செந்நாய்க் கூட்டம் முந்திக்கொள்ளும். இப்பணிக்கென்றே பெயர்போனது தேனி மாவட்டத்துக் கோம்பை நாய். இளங்கன்றுகளை முள்ளடைத்த பட்டிக்குள் விட்டு, பெரிய மாடுகளைத் திறந்த வெளியில் படுக்கவைத்து, நான்கு மூலையிலும் நெருப்பு மூட்டிக்கொண்டு, தூக்குவாளியில் இருந்த பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தால், தூக்கம் என்பது காதைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குவதுதான். அட்டை, உண்ணி, குளிர், யானை எல்லாம் அந்தச் சம்பளத்தில் அடக்கம்.

சம்பளம் என்றேன், அதுவும் கூட்டு ஏற்பாடுதான். ஒரு கிடையின் மாடுகள் எல்லாம் ஒருவருக்கே சொந்தம் என்று கருதிவிடக் கூடாது. இரண்டு மாடு, நான்கு மாடு வைத்திருக்கும் பல குடும்பத்தார் ஒன்று சேர்ந்து, காதில் வெட்டடையாளமோ தொடையில் சூடோ போட்டுத் தத்தம் மாட்டைப் பிரித்தறிய வழி செய்துவிட்டு, மேய்ப்பவர் ஒருவரிடம் ஒப்படைப்பது வழக்கம். தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதும் உண்டு. வாரத்துக்கு விட்டு, பிறக்கும் கன்றுகளைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. கோனார் மக்கள் இத்தொழிலில் மூத்தவர்கள் என்றாலும் அவர்கள் மட்டுமே இதைச் செய்தார்கள் என்பதில்லை. கரிசல்காட்டுச் சம்சாரிகள் பலரும் தங்கள் வறட்டு மாடுகளை இப்படி மலைக்கு அனுப்பிப் பிழைக்கவைத்தவர்கள்தாம். கிடைக்காரர்களுக்குள் இன்ன ஓடைக்கு இப்பால் உன் கிடை, அப்பால் என் கிடை என்ற எல்லைகள் எழுதாமலே இருந்தன. நோய் கண்ட மாடு வந்தால் அந்தக் கிடை தனியே ஒதுங்கி நிற்க வேண்டும். சுனையில் முதலில் கன்றுகள், பிறகு பசுக்கள், கடைசியில் காளைகள். இவற்றை மீறியவனுக்கு மறு வருஷம் கூட்டாளி கிடைக்கமாட்டார். கோர்ட்டும் கச்சேரியும் இல்லாமல் நடந்த நிர்வாகம் இது.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கூட்டுணர்ச்சி சமயத்தோடும் கலந்திருக்கிறது. 1906ஆம் ஆண்டில் வெளியான மதுரை ஜில்லா கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி, அப்பகுதியில் கன்னடம் பேசும் காப்பிலியர் சமூகத்தார் தெய்வத்துக்கென்று விடப்பட்ட ஒரு மாட்டு மந்தையைப் பொதுவில் பராமரித்து வந்ததையும், மந்தையின் முன் கரும்புக் கட்டை வைத்து, அதை முதலில் கடிக்கும் காளையைப் பட்டத்துக் காளையாகத் தேர்ந்தெடுத்ததையும் ஆச்சரியத்தோடு குறித்துவைத்தார். கம்பத்து நந்தகோபாலன் கோயிலின் தம்பிரான் மாட்டுத் தொழு இன்றும் இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று பிறக்கும் கன்றுகளைக் கொண்டுவந்து விடுவோரும், குடும்பத்தோடு வந்து பட்டத்துக் காளையை வணங்குவோரும் இன்றும் உண்டு. ஒருவருக்கும் சொந்தமில்லாத மாடு, எல்லோருக்கும் சொந்தமான புல்லில் மேய்ந்தது என்ற செய்தியை, ஜில்லாவின் விவரங்களைத் தொகுத்துக்கொண்டிருந்த அந்த அதிகாரி வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனால் அவர் எழுதுவதற்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பே அவருடைய சர்க்கார் அந்தப் புல்லை யாருடையது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டிருந்தது.

அந்த விசாரணையின் கதை சுவையானது. காடுகள் எல்லாம் சர்க்காருக்கே சொந்தம் என்று சட்டம் செய்ய வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது, 1871இல் சென்னை ரெவின்யூ போர்டு அதை ஏற்கவில்லை. இந்த ராஜதானியில் ஏதேனும் ஒரு கிராம எல்லைக்குள் அடங்காத காடு அநேகமாக இல்லை. அவற்றில் கிராமத்தார் நெடுங்காலமாக அனுபோகத்தில் இருக்கிறார்கள். அந்தப் பாத்தியதையைத் தள்ளிவிட முடியாது என்பது போர்டாரின் கட்சி. வடக்கே 1878இல் இந்திய வனச் சட்டம் வந்தபோதும் சென்னை அதில் சேராமல் விலகி நின்றது. ஆனால் இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து மதுரைச் சீமையைச் சூறையாடிற்று. மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். மாடுகளின் கணக்கை யார் எழுதினார்கள்? பஞ்சம் ஓய்ந்து நான்கே வருஷங்களில், 1882ஆம் ஆண்டின் 5ஆம் சட்டமாகச் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. காடுகளை ஒவ்வொன்றாக அறிவிக்கை செய்து, மேய்ச்சல் முதலிய உரிமை கொண்டாடுவோர் குறித்த கெடுவுக்குள் வன நிர்ணய அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும், கொடுக்காதவர் உரிமை அற்றுப்போகும் என்றும் அது விதித்தது. மாட்டுக்குப் பின்னால் மலையில் திரிந்தவன் அறிவிக்கையைப் படித்து மனுப் போட்டிருப்பான் என்று எதிர்பார்ப்பது எத்தகைய நியாயம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். அன்றுமுதல் மேய்ச்சல் என்பது பாத்தியதை என்ற நிலையிலிருந்து இறங்கி, தலைக்கு இத்தனை அணா என்று கட்டணம் செலுத்திப் பெறும் சலுகையாயிற்று. கிடைக்காரர் ‘பாஸ்’ வாங்கக் கற்றுக்கொண்டார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பஞ்ச காலத்தில் காடுகளை மேய்ச்சலுக்குத் திறந்துவிடுவது பஞ்சநிவாரண விதிகளில் ஓர் அம்சமாக அந்த அந்நிய ஆட்சியிலும் இருந்தது. மலையின் புல் வறட்சிக்கு மருந்து என்பதை, உரிமையைப் பறித்தவர்களும் மறுக்கவில்லை.

பொதுவில் இருப்பது பாழாய்ப் போகும், ஆளாளுக்கு மாட்டைப் பெருக்கிப் புல்லை வேரோடு தீர்த்துவிடுவார்கள் என்று 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதிய கட்டுரை உலகெங்கும் அதிகாரிகளின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. அதற்கு மறுமொழி சொன்னவர் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று ஸ்விட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமம். அந்த ஊரார் 1517இல் ஒரு விதி எழுதிக்கொண்டார்கள்: குளிர்காலத்தில் தன் சொந்தத் தீவனத்தைக் கொண்டு எத்தனை பசுவை ஒருவன் காப்பாற்ற முடியுமோ, அத்தனை பசுவை மட்டுமே கோடையில் பொது மலைக்கு அனுப்பலாம், அதற்கு மேல் அனுப்பினால் அபராதம். பணக்காரன் வெளியூரில் மாடு வாங்கிவந்து ஊர்ப் புல்லைத் தின்னவைக்க முடியாமல் போயிற்று. அந்த மேய்ச்சல் நிலம் நூற்றாண்டுகள் கடந்தும் அழியவில்லை. அங்கே பனி செய்யும் காரியத்தை இங்கே வறட்சி செய்கிறது. சமவெளியில் மாட்டை வைத்துக் காப்பாற்றக்கூடியவன் யார், வெறும் வியாபாரத்துக்காக மலையேற்றுகிறவன் யார் என்பது நம் ஊர்க் கிடைக்காரர்களுக்கும் தெரியாதது அன்று. அதை எழுதிவைக்கும் அதிகாரந்தான் அவர்களுக்கு ஒருநாளும் கிட்டவில்லை.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாயின. 2012இல் மேகமலை சரணாலயமாயிற்று. 2021 பிப்ரவரியில் இரண்டும் சேர்ந்து, சுமார் 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. மேகமலைப் பகுதியில் மாடு மேய்வதைத் தடுக்க வேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்கில் 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் மாநிலத்தின் எல்லாக் காடுகளுக்கும் தடை விதித்து, அம்மாதத்திலேயே அதைத் திருத்தி, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. தேனி, மதுரைப் பக்கத்துக் கிடைக்காரர்களுக்குத் திருத்தத்தால் பெரிய ஆறுதல் இல்லை. அவர்கள் மாடு பத்திக்கொண்டு போன மலையில் பெரும்பகுதி காப்பகத்துக்குள் அடங்கிவிட்டதே! 2025 ஜூலையில் மதுரையை ஒட்டி மேய்ச்சல் உரிமை கேட்டு ஆடு மாடுகளின் முன்னிலையிலேயே ஒரு மாநாடு நடந்தபோது, பட்டணத்தார் பலர் அதை ஹாஸ்யமாகக் கருதிச் சிரித்தார்கள். கேலி செய்தவர்களில் எத்தனை பேர் ஜல்லிக்கட்டுக்காகத் தெருவில் உட்கார்ந்தவர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

வன இலாகாவின் கட்சியையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். மதுரை குடிக்கும் தண்ணீருக்கு அந்த மலையின் சோலையும் புல்வெளியும் ஓர் ஊற்றுக்கண். அளவு மீறி மாடு மிதித்த சரிவில் மண் இறுகி, மழைநீர் உள்ளே இறங்காமல் செம்மண்ணாக ஓடிவிடும் என்பதைக் கண்ணுள்ளவர்கள் காணலாம். வீட்டு மாட்டின் நோய் காட்டு மாட்டுக்குத் தொற்றும் என்பதும் வெறும் பயமன்று. 1968இல் முதுமலைப் பக்கத்தில் வெக்கை நோய் புகுந்து காட்டெருமைக் கூட்டங்களை அழித்தது. புதுப் புல் துளிர்க்கட்டும் என்று கோடையில் தீ வைக்கும் வழக்கம் கிடைக்காரர்களிடம் இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. இவை எல்லாம் சரி. ஆனால் வருசநாட்டு மலையை மொட்டையடித்தது மாட்டின் வாய்தானா, மரத்தை வெட்டி மலைச்சரிவை உழுதவர்களின் கையா என்று விசாரித்தால், பதில் மாட்டுக்கு ஒருதலையாகப் பாதகமாக இராது. மாடு தீண்டாத உண்ணிச்செடி காட்டுக்குள் புதராக மண்டி, புல்லை நெரித்து, மானுக்கும் காட்டு மாட்டுக்கும் மேய்ச்சல் இல்லாமல் செய்துவருவதும் கண்கூடு.

சட்டம் மேய்ப்பவருக்கு முற்றிலும் கதவடைத்துவிட்டது என்பதும் பொருந்தாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3ஆம் பிரிவு, நிலையாகத் தங்கியோ இடம்பெயர்ந்தோ நடக்கும் மேய்ச்சலையும், நாடோடிகளாகவும் ஆயர்களாகவும் வாழ்வோரின் பருவகாலப் பயன்பாட்டையும் சமூக உரிமையாகவே ஒப்புக்கொள்கிறது. ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஆறு மாதம் மலையிலும் ஆறு மாதம் வயலிலுமாகத் திரிகிறவனுக்கு எந்த ஊர் கிராம சபை சான்று கொடுக்கும்? தாத்தா காலத்துப் பாஸ் ரசீதை யார் பத்திரப்படுத்தி வைத்தார்கள்? இன்னொன்றும் பலர் அறியாதது: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே, சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்றும், தடுப்பூசி போடாத மாட்டை உள்ளே மேய்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. போட்ட மாடு மேயலாம் என்ற நிலையை எண்ணிப் பார்க்காமல் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். புலிகள் காப்பகத்தின் வெளிவட்டப் பகுதியில் மக்களின் ஜீவனோபாயத்துக்கு இடம் விட வேண்டும் என்பதும், அதன் எல்லையைக் கிராம சபையைக் கலந்து வகுக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கின்றன.

மலை மூடப்பட்டால் சமவெளியிலேயே மேய்த்துக்கொள்ளட்டுமே என்பார்கள். எங்கே? மேய்ச்சல் புறம்போக்குகள் பட்டாவாகவும் கட்டடமாகவும் மாறின. மந்தைவெளியில் மண்டபம் வந்தது. மிஞ்சிய தரிசில் சீமைக்கருவேலம் முளைத்து, அதன் அடியில் அறுகுகூடத் தலைகாட்டுவதில்லை. வற்றிய கண்மாயின் உள்வாயில் கோடைப்புல் முளைக்கும். வறட்சிக்கு அதுவே சமவெளியின் சொந்த மேய்ச்சல். மதுரையைச் சுற்றி அப்படிப்பட்ட கண்மாய்கள் எத்தனை தூர்ந்தன என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் எழும்பி நிற்கிறது. மாட்டுச்சந்தை கூடிய மாட்டுத்தாவணியில் பஸ்கள் நிற்கின்றன. பட்டணம் வளர்ந்தது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. கீழேயும் இடமில்லை, மேலேயும் இடமில்லை என்று ஆன பிறகு, மாட்டை மட்டும் மரபின் சின்னம் என்று போற்றுவதில் என்ன பொருள் இருக்கிறது?

வறட்சி வந்தால் சர்க்கார் மானிய விலையில் வைக்கோல் கொடுக்கிறது, நல்ல காரியம். ஆனால் அது கொட்டிலில் நிற்கும் கலப்பினப் பசுவுக்குத் தோதானது. இரண்டு ஜெர்சிப் பசு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவர் அடையாள அட்டையைக் காட்டி வைக்கோல் வாங்கிவிடலாம். நூறு மாட்டோடு ஊர் ஊராய்ப் போகிறவர் எந்தக் கிடங்கில் போய் நிற்பார், வாங்கினாலும் எதில் ஏற்றிப் போவார்? தஞ்சாவூரிலிருந்து லாரியில் வரும் வைக்கோலின் விலை வறட்சி வருஷத்தில் அவர் கைக்கு எட்டுவதில்லை. ஆகவே விற்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை சரிகிறது. மழை பெய்த மறு வருஷம் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க முயல்வதால் விலை ஏறுகிறது. பத்து மாடு விற்ற பணத்தில் நான்கு மாடு வாங்க முடிந்தால் அதிர்ஷ்டம். வறட்சி ஒரு மந்தையைக் கரைக்கும் விதம் இதுதான். பட்டினியால் சாகும் மாட்டைவிடச் சந்தை கொண்டுபோகும் மாடு அதிகம். மாடு போன பின் வயலுக்குக் கிடை இல்லை. கிடை இல்லாத வயலுக்கு யூரியா மூட்டை வாங்க வேண்டும். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று பலன் கண்ட சம்சாரி அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாடிப்பட்டித் தாலுகாவில் சிறுமலை அடிவாரத்தைச் சேர்ந்த கச்சைக்கட்டிக் கருப்பு ஆட்டுக்கும் இதே சங்கடந்தான். இனத்தைப் பதிவு செய்து புத்தகத்தில் ஏற்றிவிட்டால் போதாது. அந்த இனம் தின்னும் புல்லையும் எங்கேயாவது பதிவு செய்ய வேண்டும்.

மலையை வரம்பில்லாமல் திறந்துவிடு என்பது என் வாதமன்று. வரம்பில்லாத மேய்ச்சல் எந்தக் காலத்திலும் இருந்ததுமில்லை. காப்பகத்தின் உட்பகுதி விலங்குகளுக்கே இருக்கட்டும். வெளிவட்டத்திலும் சாதாரணக் காப்புக்காடுகளிலும், எந்த ஓடைக்கு எந்தக் கிடை, எத்தனை மாடு, எந்த மாதம் ஏறி எந்த மாதம் இறங்குவது என்பதைக் கிடைக்காரர்களின் சங்கமும் வன இலாகாவும் கால்நடை இலாகாவும் ஒன்றாக உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். தடுப்பூசி போடாத மாடு ஏறக் கூடாது. தீ வைத்தவன் கிடைக்கு மறு வருஷம் இடமில்லை. மழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இன்னின்ன பகுதி தாமாகத் திறக்கும் என்று முன்கூட்டியே விதி இருக்கட்டும். வறட்சி வந்த பிறகு மனுவை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கும் வன ஆபீசுக்கும் நடந்தால், உத்தரவு வருவதற்குள் மாடு சந்தைக்குப் போய்விடும். ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு செய்த சட்டத்தை 2023 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் நிலைநிறுத்தியது. அடுத்த ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் அதற்கென்று பெரிய அரங்கமும் திறக்கப்பட்டது. காளை பாயும் சில நிமிஷங்களுக்காக இவ்வளவும் செய்த நாடு, அதன் தாய் மேயும் மாதங்களுக்காக ஒரு விதியை எழுத முடியாதா?

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அதையொட்டிக் கூட்டங்களும் மலர்களும் வருவது இயல்பே. மதுரை, தேனி, விருதுநகர் கலெக்டர்கள் கிடைக்காரர்களை அழைத்து, மேற்சொன்ன விதியின் முதல் பக்கத்தையாவது எழுதத் தொடங்க வேண்டும். அடுத்த பருவமழை பொய்ப்பதற்கு முன் அது கையில் இருக்க வேண்டும்.